மிதித்தால் எவ்வளவு கரண்ட் வரும்?

அப்பாவின் சைக்கிளில் டைனமோ இருந்தது. பின்சக்கரத்தை ஒட்டி, சின்ன டானிக் பாட்டில் அளவில், தலையில் ஒரு உருளையோடு இருக்கும். இருட்டியதும் அப்பா இறங்கி அதை ஒரு தட்டு தட்டுவார், ஸ்பிரிங் இழுத்து உருளை டயரில் போய் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் வீடு வரைக்கும் விர்ரென்று ஒரே சத்தம்தான். முன்பாரில் உட்கார்ந்து வந்த எனக்கு அந்த மஞ்சள் வெளிச்சத்தைவிட நன்றாக நினைவிருப்பது வேறு ஒன்று. டைனமோ போட்டதும் அப்பாவின் மூச்சு மாறும். நிலா காயும் நாளில் அதைப் போடவே மாட்டார். "எதுக்குச் சும்மா கனக்க மிதிக்கணும்" என்பார்.

சைக்கிளில் மின்சாரம் எடுப்பது பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்த வரியிலேயே இருக்கிறது. கால் கனக்கிறதே, அந்தக் கனம்தான் கரண்ட். எவ்வளவு கனத்துக்கு எவ்வளவு கரண்ட் என்ற கணக்கு மீதிப் பாதி. அந்தக் கணக்கைப் போடாமல் மோட்டார் வாங்கி, பேட்டரி வாங்கி, ஏமாந்து, கடைசியில் சைக்கிளைத் துணி காயப்போடப் பயன்படுத்துகிறவர்கள் நிறைய பேர், அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் டைனமோவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடைத்தால் வாங்கித் திறந்து பாருங்கள், உள்ளே பெரிதாக ஒன்றுமே இருக்காது. நடுவில் அச்சோடு சேர்ந்து சுற்றும் ஒரு வட்டக் காந்தம், அதைச் சுற்றி இரும்புத் தகடுகள், தகடுகளோடு ஒரு செப்புக் கம்பிச் சுருள். காந்தத்தின் ஓரத்தில் வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று முனைகள் மாறி மாறி இருக்கும். அது சுற்றும்போது சுருளுக்குள் போகும் காந்தப்புலம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறிக்கொண்டே இருக்கும். சுருளுக்குள் காந்தப்புலம் மாறினால் கம்பியில் மின்னழுத்தம் பிறக்கும். 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தது இதைத்தான், இன்றைக்கு மேட்டூர் அணையில் டர்பைன் சுற்றி வருவதும் இதே சங்கதிதான். அங்கே தண்ணீர் சுற்றுகிறது, இங்கே கால் சுற்றுகிறது. புலம் இரு பக்கமும் மாறுவதால் வருவது மாறுதிசை மின்சாரம், அதாவது ஏசி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், போன் சார்ஜ் செய்யும் இடத்தில் வேலைக்கு வரும்.

காந்தம் வேகமாகச் சுற்றினால்தான் சொல்லிக்கொள்ளும்படி வோல்டேஜ் வரும். அதற்குத்தான் உருளையை அவ்வளவு சின்னதாக வைத்திருக்கிறார்கள். உருளை ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணய அகலம், சக்கரமோ 70 சென்டிமீட்டர். சக்கரம் ஒரு சுற்று போனால் உருளை முப்பது சுற்றுக்கு மேல் போய்விடும். மணிக்கு 15 கிலோமீட்டரில் நீங்கள் பாட்டுக்கு ஆற அமர ஓட்டிக்கொண்டிருப்பீர்கள், டைனமோவுக்குள் காந்தம் நிமிடத்துக்கு 3,600 சுற்று சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வேகத்தில் கிடைப்பது 6 வோல்ட், அரை ஆம்பியர். பெருக்கினால் 3 வாட். அவ்வளவுதான் ஒரு சைக்கிள் டைனமோ.

டைனமோவிலிருந்து விளக்குக்கு ஒரே ஒரு வயர்தான் போகும், கவனித்திருக்கிறீர்களா? திரும்பி வரும் வழி சைக்கிளின் இரும்புச் சட்டமேதான். டைனமோவைப் பிடிக்கும் கிளாம்பில் கூரான ஒரு திருகு இருக்கும், அது பெயின்டைக் கீறி உள்ளே இருக்கும் இரும்பைத் தொட வேண்டும். தொடாவிட்டால், அல்லது அந்த இடத்தில் துரு ஏறிவிட்டால், டைனமோ, பல்பு, வயர் எல்லாம் நன்றாக இருந்தும் விளக்கு எரியாது. பழைய சைக்கிளில் விளக்கு எரியவில்லை என்றால் நான் முதலில் உப்புத்தாள் எடுத்து அந்த இடத்தைத்தான் தேய்ப்பேன். பின்விளக்கும் உள்ள செட்டில் இன்னொரு தொல்லை உண்டு. டைனமோ எத்தனை பல்பு மாட்டியிருந்தாலும் அந்த அரை ஆம்பியரைத் தள்ளத்தான் பார்க்கும். முன்விளக்கு பியூஸ் போய்விட்டால் அதன் பங்கும் சேர்ந்து சின்னப் பின்விளக்கின் தலையில் விழும், நீங்கள் பாலத்து இறக்கத்தில் கொஞ்சம் வேகமாக வந்தால் அடுத்த நிமிடமே அதுவும் போய்விடும்.

சரி, அந்தக் கனத்துக்கு வருவோம். விளக்கு எரிந்தால் மிதி ஏன் கனக்க வேண்டும்? சுருளில் கரண்ட் ஓட ஆரம்பித்ததும் அந்தச் சுருளே ஒரு காந்தமாகிவிடுகிறது, அதுவும் சுற்றுகிற காந்தத்தைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிற பக்கமாக. இதைப் படித்து நம்புவதைவிட விரலில் உணர்வது நல்லது. பொம்மைக் காரிலிருந்தோ பழைய பிரின்டரிலிருந்தோ ஒரு டிசி மோட்டார், அதாவது பேட்டரியில் ஓடும் மோட்டார் எடுங்கள், பெரிய மோட்டாராக இருந்தால் இன்னும் நல்லது. அதற்குள்ளேயும் இதே காந்தமும் சுருளும்தான், அச்சை நாம் சுற்றினால் அதுவும் டைனமோதான். அச்சை விரலால் சுண்டிவிட்டால் சுலபமாகச் சுற்றும். இப்போது அதன் இரண்டு வயர் முனைகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டு மறுபடி சுண்டுங்கள். தேனுக்குள் சுற்றுவது போல இழுத்துப் பிடிக்கும். மோட்டாரில் வேறு எதையும் மாற்றவில்லை, கரண்ட் ஓட வழி கொடுத்தோம், அவ்வளவுதான். என் பத்து வயது மகள் இதை நாற்பது தடவையாவது சுண்டிப் பார்த்திருப்பாள், ஒவ்வொரு தடவையும் வயரைப் பிரித்துச் சேர்த்து, பிரித்துச் சேர்த்து. சைக்கிளில் மின்சாரம் எடுப்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு வாட்டும் காலில் தெரியும். விளக்கை அணைத்தால் மிதி லேசாகும், இன்னொரு விளக்கைப் போட்டால் கனக்கும்.

அப்படியானால் ஒரு மனிதக் கால் எவ்வளவு தரும்? உடம்பு நன்றாக இருக்கிற, பழக்கமுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் விடாமல் மிதித்தால் சராசரியாக 75 முதல் 100 வாட் வரை தரலாம். பந்தய வீரர்கள் 300 வாட்டைக்கூட ஒரு மணி நேரம் தாங்குவார்கள், அது நமக்கான கணக்கு இல்லை. 75 என்றே வைத்துக்கொள்வோம். காலிலிருந்து பேட்டரி வரைக்கும் வருவதற்குள் டயர் உராய்வில் கொஞ்சம், மோட்டார் சூட்டில் கொஞ்சம் என்று மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆக ஒரு மணி நேர வியர்வைக்குக் கைக்கு வருவது 50 வாட்-மணி, அதாவது 50 வாட் விளக்கு ஒன்றை ஒரு மணி நேரம் எரிக்கும் அளவு. மின்கட்டண அட்டையில் உள்ள ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. ஒரு யூனிட்டுக்கு இருபது மணி நேரம் மிதிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறது இல்லையா, அதை மிதித்து எடுக்க 2,000 மணி நேரம் வேண்டும். இரண்டு மாதத்தில் இருப்பதே 1,440 மணி நேரம்தான். இரவு பகல் தூங்காமல் மிதித்தாலும் எட்டாது. "ஒரு மணி நேரம் மிதித்தால் வீடு முழுக்க 24 மணி நேரம் கரண்ட்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வீடியோவைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 50 வாட்-மணியை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் 2 வாட் வரும், அதில் ஒரு விடிவிளக்கு எரியும்.

2015-ல் ராபர்ட் ஃபர்ஸ்டமன் என்ற ஜெர்மன் சைக்கிள் வீரரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். லண்டன் ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர், தொடை ஒவ்வொன்றும் மரம் மாதிரி இருக்கும். 700 வாட் டோஸ்டர் ஒன்றை அவர் மிதித்து ஓட்டி ஒரே ஒரு ரொட்டித் துண்டை வாட்டினார். அதற்குச் செலவான மின்சாரம் 0.021 யூனிட். முடித்ததும் மனிதர் களைத்துச் சரிந்துவிட்டார். நம் வீட்டு மிக்ஸியும் அதே 500, 750 வாட்தான். சட்னிக்கு மிக்ஸியைத் திருகும்போது யாரும் இதை யோசிப்பதில்லை, நானும் யோசித்ததில்லை.

ஆனால் இதைப் படித்துவிட்டு "அப்போ இது வேலைக்கு ஆகாது" என்று விட்டுவிடாதீர்கள், அது இன்னொரு தவறு. சூடாக்குவது, அரைப்பது, குளிர வைப்பது, இந்த மூன்றுக்கும் மிதி மின்சாரம் ஆகாது. வெளிச்சத்துக்கும் பேச்சுக்கும் அது தாராளம். 9 வாட் எல்இடி பல்பு பழைய 60 வாட் குண்டு பல்புக்குச் சமமான வெளிச்சம் தருகிறது. ஒரு மணி நேரம் மிதித்தால் அது ஐந்து மணி நேரம் எரியும், பிள்ளைகள் படித்து, சாப்பிட்டு, படுக்கும் வரைக்கும் போதும். இப்போதைய ஸ்மார்ட்போன் பேட்டரி 5,000 எம்ஏஹெச் என்றால் ஏறக்குறைய 19 வாட்-மணி, ஒரு மணி நேர மிதியில் இரண்டு போன் நிரம்பும். ரேடியோவுக்கு ஒரு வாட் இரண்டு வாட் போதும். பிஎல்டிசி என்று விற்கிற, கரண்ட் குறைவாக எடுக்கும் புது வகை சீலிங் ஃபேன் 30 வாட் சுமாருக்கு ஓடும், சாதாரண ஃபேன் 75 வாட் கேட்கும். அதனால் பிஎல்டிசி ஃபேன் என்றால் ஒருவர் மிதித்து இன்னொருவருக்குக் காற்று வாங்கித் தரலாம், சாதாரண ஃபேன் என்றால் அதுவும் முடியாது.

சின்ன வாட் என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. அங்கே உள்நாட்டுப் பண்ணைகளில் அடுத்த வீடே நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும், மின்சாரம் கிடையாது, உடம்புக்கு முடியவில்லை என்றால் சொல்லி அனுப்பவும் வழியில்லை. 1928-ல் பறக்கும் மருத்துவர் சேவை தொடங்கியது. விமானமும் டாக்டரும் தயார், கூப்பிடுவது எப்படி? ஆல்ஃபிரட் ட்ரேகர் என்ற பொறியாளர் மிதித்து ஓட்டும் ரேடியோவைச் செய்தார். மேசைக்கு அடியில் சைக்கிள் மிதி, அதிலிருந்து சுமார் 20 வாட். கால் மிதிக்கும், கை சும்மா இருப்பதால் அதே ஆள் மோர்ஸ் சாவியை, தந்தி அடிப்பது போல, தட்டிச் செய்தி அனுப்பலாம். 20 வாட், ஒரு பழைய டியூப்லைட் அளவுகூட இல்லை, அதை வைத்து அந்தப் பாலைநிலத்தில் எத்தனை பிரசவங்களுக்கு டாக்டர் வந்து சேர்ந்திருப்பார்.

என் அனுபவம் அவ்வளவு பெரியதில்லை. 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல் அடித்தபோது பட்டுக்கோட்டைப் பக்கம் சித்தப்பா வீட்டில் இருந்தேன். தென்னைகள் எல்லாம் தலை முறிந்து கிடந்தன, மின்கம்பங்கள் தெருவில் குறுக்கே கிடந்தன, மூன்று வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவரிடம் ஒரு போனுக்கு இவ்வளவு என்று கொடுத்து, வரிசையில் நின்று சார்ஜ் போட்டோம். நாலாவது நாள் சித்தப்பா, "தம்பி, அந்தப் பழைய பேட்டரி வண்டி மோட்டார் சும்மாதானே கிடக்கு" என்றார். ஸ்டாண்டு போட்ட சைக்கிள், அந்த 24 வோல்ட் மோட்டார், டிராக்டரிலிருந்து கழற்றிய 12 வோல்ட் பேட்டரி, காரில் போன் சார்ஜ் செய்யும் சாக்கெட் ஒன்று. இவ்வளவுதான் எங்கள் பவர் ஹவுஸ்.

நீங்கள் செய்வதென்றாலும் இதே வரிசைதான், எங்கே சொதப்பும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

மோட்டார் விஷயத்தில், உள்ளே நிலைக்காந்தம் உள்ள டிசி மோட்டார்தான் வேண்டும். மின்சார சைக்கிள், பேட்டரி ஸ்கூட்டரில் வரும் 24 வோல்ட் 250 வாட் மோட்டார் கச்சிதம். சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தால் கிடைக்கும். கார் ஆல்டர்னேட்டர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள், அதற்கு உள்ளே காந்தமே கிடையாது, பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்துத்தான் காந்தத்தை உண்டாக்கிக்கொள்ளும், அதோடு காலால் தர முடியாத வேகமும் கேட்கும். ஃபேன் மோட்டாரும் ஆகாது.

வேகக் கணக்கு டைனமோ மாதிரிதான். நிமிடத்துக்கு 60 தடவை மிதித்தால் செயின் பல் கணக்கில் பின்சக்கரம் 150 சுற்று போகும், மோட்டார் அச்சில் 4 சென்டிமீட்டர் உருளை மாட்டி டயரில் அழுத்தினால் மோட்டார் 2,600 சுற்றுக்கு வரும், 18 வோல்ட் பக்கம் காட்டும். பேட்டரியை மாட்டியதும் அது 13, 14 வோல்ட்டுக்கு இறங்கி நின்றுவிடும், பயப்பட வேண்டாம். நீங்கள் கூடுதலாக அழுத்துவது எல்லாம் இனி ஆம்பியராகப் போகும். உருளைக்குப் பதிலாக டயரைக் கழற்றிவிட்டு ரிம்மின் மேல் பெல்ட் ஓட்டினால் வழுக்கலும் உராய்வும் குறையும், எங்களுக்கு அன்று பெல்ட் கிடைக்கவில்லை. டியூபில் காற்றைக் கல் மாதிரி அடித்து வைத்துக்கொண்டோம்.

அடுத்தது டையோடு. இதில்தான் நாங்கள் மாட்டினோம். மோட்டாரும் பேட்டரியும் நேராகச் சேர்ந்திருந்தால் கரண்ட் இரண்டு பக்கமும் போகும். மிதிக்கும்போது மோட்டார் பேட்டரிக்குக் கொடுக்கும், நிறுத்தினால் பேட்டரி மோட்டாரை ஓட்டும். முதல் நாள் மாலை மிதித்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போய்விட்டோம், திரும்பி வந்தால் இருட்டில் யாரும் இல்லாமல் பின்சக்கரம் மட்டும் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பத்தா பயந்து விபூதி எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. ஒன்றரை மணி நேர உழைப்பு அப்படியே சக்கரம் சுற்றிக் கரைந்துபோனது. மோட்டாரின் பாசிட்டிவ் வயரில் 10 ஆம்பியருக்கு மேல் தாங்கும் டையோடு ஒன்றைப் போட்டால் போதும், அது ஒருவழிப் பாதை. வெள்ளைக் கோடு உள்ள முனை பேட்டரி பக்கம் இருக்க வேண்டும்.

பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் கட்டாயம். பேட்டரியின் இரண்டு முனைகளும் தவறிப்போய்த் தொட்டுக்கொண்டால் வயர் பழுத்துத் தீப்பிடிக்கும், கால் தரும் 50 வாட் அங்கே கணக்கில் இல்லை, பேட்டரி நூறு மடங்கு கொடுத்துவிடும். யூபிஎஸ்-ஸில் இருக்கும் சின்ன 7 ஆம்பியர்-மணி பேட்டரியை நேராக மாட்டி முழு மூச்சில் மிதிப்பதும் தப்பு, அது 2 ஆம்பியருக்கு மேல் வாங்காது, நீங்கள் 4 தருவீர்கள். கொஞ்சம் பெரிய பேட்டரியாக எடுங்கள். லெட் ஆசிட் பேட்டரி என்றால் ஒரு மல்டிமீட்டர் மாட்டி வைத்து, 14.4 வோல்ட்டைத் தொட்டதும் மிதிப்பதை நிறுத்திவிடுங்கள்.

இன்வெர்ட்டர் வேண்டாம் என்பது என் கருத்து. 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதைச் சார்ஜர் மறுபடி 5 வோல்ட் ஆக்கி, ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சூடாகப் போய்விடும். வியர்வை சிந்தி எடுத்த கரண்டை அப்படி வீணாக்க மனசு வராது. 12 வோல்ட் எல்இடி பல்புகள் கடையில் கிடைக்கின்றன, போனுக்குக் கார் சார்ஜர் இருக்கிறது. எதைச் செய்தாலும் வீட்டு வயரிங்கோடு மட்டும் சேர்க்காதீர்கள். லைன் செத்துக்கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் மனிதர் உயிருக்கே அது ஆபத்து.

எங்கள் தெருவில் நாலைந்து பையன்கள் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று முறை வைத்து மிதித்தார்கள். ஒரு சாயங்காலத்துக்குப் பத்து போன் வரை நிரம்பியது. பட்டன் போன் வைத்திருந்தவர்கள்தான் அதிர்ஷ்டசாலிகள், அந்தப் பேட்டரி 4 வாட்-மணிதான், ஐந்தாறு நிமிட மிதியில் நிரம்பி இரண்டு மூன்று நாள் ஓடும். துபாயில் இருந்த மகனிடம் "எல்லோரும் நல்லா இருக்கோம்" என்று சொல்ல அப்பத்தாவுக்கு அந்தப் பட்டன் போன்தான் உதவியது.

ஓடும் சைக்கிளிலேயே சார்ஜ் போட வேண்டும் என்பவர்களுக்கு ஹப் டைனமோ இருக்கிறது, முன்சக்கரத்தின் நடு அச்சுக்குள்ளேயே காந்தமும் சுருளும் அடங்கிவிடும், டயரில் உரசாது, மழையில் வழுக்காது, சத்தமும் இல்லை. 1936-லேயே இங்கிலாந்தின் ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனி இதை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. ஜெர்மனியில் 2013 வரை பெரும்பாலான சைக்கிள்களுக்கு டைனமோ விளக்கு சட்டப்படியே வேண்டியிருந்ததால் அங்கே இது நன்றாக வளர்ந்தது. இதுவும் அதே 6 வோல்ட் 3 வாட்தான். ஏசி என்று சொன்னேனே, அதனால் நான்கு டையோடு சேர்ந்த பிரிட்ஜ் வைத்து டிசி ஆக்கி, கெபாசிட்டர் வைத்துத் துடிப்பை ஆற்றி, 5 வோல்ட் யுஎஸ்பி சர்க்யூட்டுக்குக் கொடுக்க வேண்டும். பகல் முழுக்க ஓட்டினால் ஒரு போன் நிரம்பும். நிற்கும் சிக்னலில் எல்லாம் சார்ஜிங் நின்று நின்று வருவதைப் போன்களுக்குப் பிடிக்காது, நடுவில் ஒரு பவர் பேங்க் வைத்துவிடுவது நல்லது.

இதெல்லாம் அப்புறம். முதல் தடவை செய்கிறவர்கள் ஒரு சாதாரண பாட்டில் டைனமோவும் 6 வோல்ட் சைக்கிள் பல்பும் வாங்கி, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றிப் பாருங்கள். இருட்டில் செய்யுங்கள். மெல்லச் சுற்றினால் பல்பு தணல் மாதிரி சிவந்து துடிக்கும், வேகம் கூடக் கூடத் துடிப்பு மறைந்து வெளுக்கும். அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவரை வயரைப் பிடுங்கச் சொல்லுங்கள், எப்போது என்று உங்களிடம் சொல்லாமல். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் விளக்கு அணைந்த நொடி உங்கள் கைக்குத் தெரிந்துவிடும்.